ஊரில் வீடில்லாதவர்களுக்கு உதவ நினைக்கும் சிங்கப்பூர்வாசிகளுக்கு: எங்கிருந்து ஆரம்பிப்பது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் இங்கே நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், ஊருக்கு ஏதாவது செய்யணும் என்ற பேச்சு வந்தே தீரும். கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு சுற்று வந்த பிறகு, கூரை வீட்டில் கிடக்கிறவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கலாமே என்று ஒருவர் சொல்வார். உடனே இன்னொருவர் போனை எடுத்து ஒரு வீட்டுக்கு எத்தனை வெள்ளி ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீடில்லாமல் இருப்பவர்களில் பலருக்கு அரசுப் பணம் வரக்கூடிய நிலையில்தான் இருக்கிறது, ஏதோ ஓர் இடத்தில் அது முட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டா இல்லை, அஸ்திவாரம் போடக் கையில் காசில்லை, அல்லது பட்டியலில் பெயரே ஏறவில்லை. எங்கே முட்டுகிறது என்று தெரிந்துகொண்டு அங்கே நம் பணத்தைப் போட்டால், ஒரு முழு வீட்டுக்கு ஆகும் காசில் நாலைந்து குடும்பத்தைக் கரையேற்றலாம்.

முதலில் ஆள், அப்புறம் பணம்

இங்கே குழு சேர்க்கும்போது வேலை நிரந்தரமாகி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கி, இருபது வருடமாக இருப்பவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். டார்மிட்டரியில் (வெளிநாட்டு ஊழியர் விடுதியில்) இருக்கும் ஊர்த் தம்பிகளைக் கட்டாயம் கூப்பிடுங்கள், பணம் கேட்பதற்காக இல்லை. அவர்களில் பலர் நாம் உதவ நினைக்கும் அதே தெருவிலிருந்து வந்தவர்கள், போன மழைக்கு எந்த வீட்டுச் சுவர் சரிந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. கம்பி கட்டுவதும் பலகை அடிப்பதும் கான்கிரீட் ஊற்றுவதும் அவர்கள் தினமும் செய்யும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்தித்து ஊர்க் கொத்தனார் அனுப்பிய படத்தைக் காட்டினால், கம்பி இடைவெளி சரியில்லை என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். இந்த அறிவு நம் கையிலேயே இருக்க, வெளியே யாரையும் தேட வேண்டியதில்லை.

ஊரில் மூன்று பேராவது வேண்டும். ஒருவர் படித்த இளைஞர், ஒருவர் மகளிர் சுய உதவிக்குழுவில் இருக்கும் பெண், ஒருவர் காலனித் தெருவிலிருந்து. மூன்றாமவரை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் வழக்கமாக எந்தத் தெரு விடுபடும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஊரில் எத்தனை கூரை வீடு என்று எண்ணுவதோடு நிறுத்தினால் பாதி விஷயம் தெரியாமலே போகும். ஒரே ஓட்டு வீட்டுக்குள் மூன்று அண்ணன் தம்பிக் குடும்பங்கள் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருப்பார்கள், வெளியிலிருந்து பார்த்தால் நல்ல வீடாகத்தான் தெரியும். அதனால் எத்தனை வீடு என்று எண்ணாமல் எத்தனை அடுப்பு என்று எண்ணுங்கள். அடுப்பு தனி என்றால் குடும்பம் தனி.

அப்புறம் அரசு கட்டிக் கொடுத்த பழைய தொகுப்பு வீடுகள். கணக்கில் இவை காங்கிரீட் வீடு, ஆகவே அங்கே தேவை இல்லை என்று எழுதிவிடுவார்கள். உள்ளே போய் நின்று மேலே பாருங்கள். தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். ஒரு கழியை எடுத்துத் தளத்தின் அடியில் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், கெட்டியாக இருக்கும் இடத்தில் ஒரு சத்தமும், பூச்சு விட்டுப்போன இடத்தில் பொக்கென்று இன்னொரு சத்தமும் கேட்கும். பொக்கென்ற சத்தம் பரவலாக இருந்தால் அந்த வீட்டில் குழந்தைகளைப் படுக்க வைப்பதே ஆபத்து. பயந்துபோய் ஆட்கள் வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு, மழைக்கு மட்டும் உள்ளே போவதும் உண்டு. கூரை வீட்டுக்காரரைவிட இவர்கள்தான் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள் என்பது என் கருத்து, ஏனென்றால் கூரை விழுந்தால் காயம், தளம் விழுந்தால் உயிர்.

கேள்விகளைப் படிவம் மாதிரி வாசிக்காதீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் வீடு வேணும் என்றுதான் சொல்வார்கள். ராத்திரி மழை வந்தால் எங்க படுப்பீங்க ஆத்தா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் திண்ணை என்பார் ஒருவர், பள்ளிக்கூடம் என்பார் இன்னொருவர், படுக்கிறது எங்க தம்பி, உக்காந்தேதான் என்று ஒருவர் சொல்வார். மூன்றும் மூன்று விதமான தேவை. ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டிலேயே பெட்டியில் என்றால் கூரை ஓரளவு தாங்குகிறது. பாலித்தீன் பைக்குள் சுருட்டிச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறோம் என்றால் அந்த வீட்டை நம்பி அவர்களே இல்லை என்று அர்த்தம்.

கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: அடுப்பு எத்தனை, கூரையும் சுவரும் எந்த நிலையில், மனை யார் பேரில், கழிவறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து, ஐப்பசி கார்த்திகையில் வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் (சுவரில் கறை இருக்கும், அளந்துகொள்ளலாம்), வீட்டில் நடக்க முடியாதவர் யாராவது உண்டா, வட்டிக்கடன் எவ்வளவு. கடைசிக் கேள்வியைத் தனியாக, பக்கத்து வீட்டுக்காரர் இல்லாதபோது கேளுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலில் தென்னை சாய்ந்து வீடு போனவர்களில், தார்ப்பாயும் தகரமுமாக ஒட்டுப்போட்ட வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகரம் அடுத்த காற்றுக்கு நிற்காது.

தனியாக இருக்கும் வயதான பெண்கள், கணவரை இழந்தவர்கள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே வராதவர்கள் இவர்களெல்லாம் நீங்கள் போய் நிற்கும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டால் அப்படிப்பட்டவர்கள் எந்தெந்த வீட்டில் என்று விரல் விட்டுச் சொல்வார்கள்.

மனை யாருடையது?

இதைப் பார்க்காமல் ஒரு செங்கல்கூட வாங்காதீர்கள். பட்டா இருந்தால் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டு இங்கிருந்தே பார்த்துவிடலாம், வில்லங்கமும் அப்படியே. சிக்கல் பல விதமாக வரும்.

இறந்துபோன தாத்தா பேரில் கூட்டுப் பட்டா இருப்பது ரொம்பச் சாதாரணம். வாரிசுச் சான்று, பங்குதாரர்கள் கையெழுத்து, அளந்து உட்பிரிவு செய்வது என்று வேலை நீளும், ஆனால் வீடு கட்டும் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. பங்குதாரர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால் அவர் கையெழுத்துக்காக லீவு போட்டு ஓட வேண்டாம், கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்பலாம். அது இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

காவிரி டெல்டாவில் பல தெருக்கள் கோயில் நிலத்திலோ மடத்து நிலத்திலோ இருக்கும். அங்கே அடிமனை வாடகை கட்டுபவருக்குத் தனிப் பட்டா எளிதில் வராது, அதனால் புது வீடு என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கூரை மாற்றுவது, கழிவறை கட்டுவது போன்ற உதவி அங்கே பொருந்தும், அதற்கும் கோயில் நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் பட்டா கிடைக்காது, வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுக்க வைக்க வேண்டும். நிலக்காரர் மனையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் என்று ஒன்று உண்டு, அப்போதே உரிமை பெற்றிருந்தும் காகிதத்தைத் தொலைத்தவர்கள் இருக்கலாம், தாலுகா அலுவலகப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு ஒரு நல்ல வக்கீல் குமாஸ்தாவுக்கோ ஓய்வுபெற்ற விஏஓவுக்கோ (கிராம நிர்வாக அலுவலர்) சம்பளம் கொடுப்பது, நீங்கள் செய்யும் செலவிலேயே அதிகப் பலன் தரும் செலவாக இருக்கும். படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது. பரவாயில்லை.

அரசுத் திட்டத்தோடு சேர்ந்து நடப்பது

கிராமத்தில் வீட்டுக்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று, 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம். சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000, சமையலிடம் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர், தளத்துக்காக மாநில அரசு மேற்கொண்டு தருவது தனி. இதன் பட்டியல் 2011 கணக்கெடுப்பை வைத்து ஆரம்பித்தது, அதனால் அதற்குப் பிறகு தனிக்குடித்தனம் போனவர்கள் பலர் அதில் வரவில்லை. இரண்டாவது, 2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம். குடிசையில் இருந்து, சொந்தப் பட்டாவும் இருப்பவர்களுக்கு 3,50,000 ரூபாய், வீடு 360 சதுர அடி. இங்கே சிங்கப்பூரில் வீவகவின் இரண்டறை ஃபிளெக்ஸி வீடுகளில் சின்னது சுமார் 36 சதுர மீட்டர் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் குறைவு. கஜாவுக்குப் பிறகு தகரம் போட்டுக்கொண்டவர் குடிசைக் கணக்கில் வருவாரா என்பதை பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போனவருடம் கேட்டதை இந்த வருடம் நம்பாதீர்கள்.

பெயர் ஏறுவது கிராமசபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஊருக்குப் போகும் தேதியை இதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், மே 1 இங்கேயும் விடுமுறைதான். நீங்கள் எடுத்த கணக்கைக் கிராமசபையில் எல்லார் முன்பும் வாசிக்கச் செய்யுங்கள். யார் பெயர் ஏன் இருக்கிறது என்று ஊரே கேட்டுவிட்டால், பின்னால் புறம் பேச்சுக்கு இடமிருக்காது.

சரி, பெயர் வந்துவிட்டது, அப்புறம் எங்கே சிக்கல்? அரசுப் பணம் வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் வரும். அஸ்திவாரம் எழும்பிய பிறகு ஒரு தவணை, ஜன்னல் மட்டம் தாண்டிய பிறகு ஒன்று, தளம் போட்ட பிறகு ஒன்று. கையில் காசிருப்பவர் வேலையை முடித்துக்காட்டிப் பணம் வாங்கிவிடுவார். கூலிக்காரர் கடன் வாங்கி ஆரம்பிப்பார், அல்லது ஆரம்பிக்கவே மாட்டார். மொத்தத் தொகையும் பற்றாது. 360 சதுர அடிக்குச் சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்தாலே 7,20,000 ஆகிறது, பாதிக்கு மேல் அவர் தலையில். குட்டிச்சுவராக நிற்கும் வீடுகளுக்கும் நாளுக்கு நாள் ஏறும் மீட்டர் வட்டிக்கும் காரணம் இந்த இடைவெளிதான்.

என் யோசனை, முழு வீட்டை நாம் கட்டாமல் இந்த இடைவெளியை மட்டும் எடுத்துக்கொள்வது. அஸ்திவாரத்துக்கு ஒரு முன்பணம் கொடுங்கள், தவணை வந்ததும் அது திரும்பி வந்து அடுத்த குடும்பத்துக்குப் போகட்டும். தளம் போடும்போது விழும் துண்டுக்கு ஒரு பகுதி நன்கொடையாக இருக்கட்டும். முன்பணத்தை சுய உதவிக்குழுப் பெண்கள் கையில் விட்டால் கணக்குச் சுத்தமாக இருக்கும்.

பணத்தை ஒழுங்காக அனுப்புவது

இது அலுப்பூட்டும் பகுதி, ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். சிங்கப்பூரில் 10 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து சங்கமாக நடத்தினால் சங்கங்களின் பதிவகத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டு அறப்பணிக்கு என்று நிதி திரட்ட அறநிறுவனங்களின் ஆணையரிடம் அனுமதி வேண்டும், அதிலும் பொதுமக்களிடம் திரட்டினால் நிகரத் தொகையில் 80 விழுக்காட்டை சிங்கப்பூருக்குள்ளேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. ஆகவே சிராங்கூன் ரோட்டில் உண்டியல் குலுக்கும் யோசனையெல்லாம் வேண்டாம். என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே ஆணையர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பக்கம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010 இருக்கிறது. இந்தியக் குடிமகன் இங்கே சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் எடுத்தவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை, ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை இருந்தாலும் அப்படித்தான். வாங்கும் அறக்கட்டளைக்கு அந்தச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. எனவே இரண்டு வகைப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். குழுவில் ஒருவரின் கணக்கில் எல்லாரும் போட்டு அவர் ஊருக்கு அனுப்புவது சுலபமாகத் தெரியும், பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அவர் மட்டும்தான். ஆரம்பத்திலேயே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் முறை என்ற பேச்சே வேண்டாம்.

கட்டும்போது

வீட்டின் அமைப்பை அதில் இருக்கப் போகிறவரே, முக்கியமாகச் சமைப்பவரே, சொல்லட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கடற்கரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடு கட்டினார்கள். பல இடங்களில் நிழல் தந்த மரங்களை வெட்டி, திண்ணை இல்லாமல், வெயிலில் தகிக்கும் தளத்தோடு. அடுக்குமாடியில் பழகிய நமக்கும் அந்த ஆசை எளிதில் வரும். எல்லாரையும் ஓர் இடத்துக்கு மாற்றிப் புதுக் குடியிருப்பு அமைப்பது காகிதத்தில் அழகாக இருக்கும், ஆனால் ஆடு மாட்டையும் வயல் வேலையையும் விட்டு இரண்டு மைல் தள்ளி யாரும் போகமாட்டார்கள்.

தைப் பொங்கல் கழிந்து ஆரம்பித்து ஆடிக்குள் தளம் போட்டுவிடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை ஒன்றும் நடக்காது. உள்ளொடுங்கிய ஊர் என்றால் லாரி எதுவரை வரும் என்று கேளுங்கள், ரோடு முனையில் இறக்கி டிராக்டரில் ஏற்றினால் ஒவ்வொரு லோடுக்கும் கூடுதல் செலவு. நாலைந்து வீட்டுக்குச் சேர்த்துச் சாமான் வாங்கினால் இந்தச் செலவு கட்டுப்படும்.

டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரத்தைப் போதிய ஆழத்துக்கு எடுத்து, அடியில் மணல் போட்டுக் கெட்டித்து, மேலே சுற்றிலும் காங்கிரீட் பெல்ட் போடாவிட்டால் இரண்டாவது வருடம் சுவரில் விரிசல் வரும். சுவரில் பார்த்த வெள்ளக் கறையைவிடத் தரைமட்டம் உயரமாக இருக்கட்டும். கடலோரம் என்றால் உப்புத் தண்ணீரில் கலவை போடவே கூடாது, டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்கக் காசு ஒதுக்குங்கள். கம்பி பலகையைத் தொடாதபடி தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கை அடியில் வைத்திருக்கிறார்களா என்று காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், டார்மிட்டரித் தம்பிகள் பார்க்கட்டும். தளத்தில் பாத்தி கட்டிக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் முதலில் கைவைப்பது இதில்தான், பழைய தொகுப்பு வீடுகள் பலவீனமாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழிவறைக்குத் தூய்மை பாரதத் திட்டத்தில் 12,000 ரூபாய் வரும். இரட்டைக் குழி முறைதான் வழக்கம், ஆனால் நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் குழியைத் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டி, கைப்பம்பிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும்.

குடிபோன பிறகு

வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு, பட்டா மூன்றும் ஒரே பேரில் இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தவரை வீட்டுப் பெண்ணின் பேரில். மொத்த நிதியில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐப்பசி மழை முடிந்ததும் ஊரில் இருக்கும் அந்த மூன்று பேரும் கட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும் போய் ஒழுகும் இடம், விரிசல், வாசலில் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பட்டும், பொங்கலுக்குள் அந்தப் பணத்தில் அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த பட்டியலை எடுங்கள்.